குடும்ப வன்முறையும் குற்றவியல் நீதிமுறையும்: பாதிக்கப்பட்ட பெண்களின் பார்வையில்

திருவனந்தபுரம் நகரிலிருந்து நெடுமங்காடு, விதுரா ஆகிய ஊர்களின் வழியே செல்லும் சாலை, கல்லாற்றைக் கடந்தபின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பொன்முடியை அடைகிறது. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரத்திலுள்ள இவ்வூர், நகரவாசிகளுக்கு ஒரு கோடை வாசஸ்தலம். தேயிலைத் தோட்டங்களை நம்பி வாழும் குடும்பங்களுக்கோ இது உழைக்கும் இடமும் உறையும் இடமும் ஆகும். இக்குடும்பங்களில் பல, தலைமுறைகளுக்கு முன்னர் தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்தவர்களின் வழிவந்தவை.

இத்தகைய மலைப்பகுதியில் வாழும் ஒரு பெண் தன் கணவனால் துன்புறுத்தப்பட்டால், சட்டத்தின் துணையை அடைய அவள் எவ்வளவு தொலைவு செல்ல வேண்டும்? காவல் நிலையம் மலையிலேயே உண்டு. ஆனால் வட்டத் தலைநகராகிய நெடுமங்காட்டிலுள்ள மாஜிஸ்டிரேட் நீதிமன்றம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பெண்கள் பாதுகாப்பு அதிகாரியின் அலுவலகமும், அரசின் புகலிடமும் அதற்கும் அப்பால் திருவனந்தபுரம் நகரில் உள்ளன. 2022-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் மலைச்சாலை இடிந்து விழுந்தபோது இத்தொலைவு மேலும் கூடிற்று.

குற்றவியல் நீதிமுறையின் திறத்தைப் பதிவான வழக்குகள், தாக்கல் செய்யப்பட்ட குற்றப்பத்திரிகைகள், விதிக்கப்பட்ட தண்டனைகள் ஆகியவற்றின் எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பிடுவது நிருவாக வழக்கம். ஆனால் அந்நீதிமுறையின் படிகளில் ஏறி இறங்கிய பெண்கள் அதனை வேறு அளவுகோல்களால் அளக்கின்றனர் என்பதைப் பல ஆய்வுகள் எடுத்துக்காட்டுகின்றன. அடி நின்றதா, தலைக்கு மேல் கூரை நிலைத்ததா, சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்களா என்பனவே அவர்களுடைய கேள்விகள். இவ்விரு அளவுகோல்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விளங்கிக்கொள்வது, இத்துறையில் பணியாற்றும் அதிகாரிகளுக்கு இன்றியமையாததாகும்.

சட்டத்தின் இரு வழிகள்

குடும்பத்தினுள் நிகழும் கொடுமைக்கு எதிராக நம் நாட்டில் இருவகைச் சட்ட வழிகள் உள்ளன. முதலாவது, தண்டனை வழி. 1983-ஆம் ஆண்டில் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. கணவனோ அவனுடைய உறவினரோ இழைக்கும் கொடுமையை, மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கத்தக்க குற்றமாக அது ஆக்கிற்று. வரதட்சிணை மரணம் குறித்த 304-பி பிரிவு 1986-இல் சேர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சங்கிதையில், கொடுமை பற்றிய விதிகள் 85, 86 ஆகிய பிரிவுகளிலும், வரதட்சிணை மரணம் பற்றிய விதி 80-ஆம் பிரிவிலும் இடம்பெற்றுள்ளன.

இரண்டாவது, பாதுகாப்பு வழி. 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் செயற்படும் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், உடல்வழித் துன்புறுத்தலோடு, மனத்தளவிலும் பாலியல் முறையிலும் பொருளாதார முறையிலும் இழைக்கப்படும் தீங்குகளையும் வன்முறை என வரையறுத்தது. பாதுகாப்பு ஆணை, வீட்டில் வசிக்கும் உரிமைக்கான ஆணை, பண உதவி, குழந்தைகளைத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் உரிமை, இழப்பீடு ஆகியவற்றை மாஜிஸ்டிரேட்டிடம் கோரலாம். மனு கிடைத்த மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணையும், அதிலிருந்து 60 நாட்களுக்குள் முடிவும் அமைய வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். கணவன் சிறைக்குச் செல்வதா இல்லையா என்பது இங்கு முதற்கேள்வி அன்று. ஆணையை அவன் மீறினால்தான் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்னும் நிலை எழுகிறது.

கதவைத் தட்டாதவர்கள்

இவ்விரு வழிகளும் திறந்திருந்தும் அவற்றை நாடுவோர் மிகச் சிலரே. 2019-21 ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களுள் 29.3 சதவிகிதத்தினர் கணவனிடமிருந்து வன்முறையை அனுபவித்துள்ளனர். தமிழ்நாட்டில் இது 38.1 சதவிகிதம், கேரளத்தில் 9.9 சதவிகிதம். உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுள் 14 சதவிகிதத்தினர் மட்டுமே எவரிடமேனும் உதவி கோரினர். 77 சதவிகிதத்தினர் உதவி கோரவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. உதவி கோரியவர்களும் பெரும்பாலும் பிறந்த வீட்டாரையே நாடினர். காவல் துறையிடம் சென்றோர் அவர்களிலும் ஒரு சிறு பகுதியினரே.

எழுத்தறிவிலும் சுகாதாரத்திலும் முன்னணியில் நிற்கும் கேரளத்தின் குறைந்த சதவிகிதத்தைக் கொண்டு மனநிறைவு அடைந்துவிடுவதற்கில்லை. அதே ஆய்வில், கணவன் மனைவியை அடிப்பது ஏதேனும் ஒரு காரணத்திற்காகவேனும் நியாயமே என அம்மாநிலப் பெண்களில் 52 சதவிகிதத்தினர் கருதினர். தவறு என்றே கருதப்படாத ஒன்று, ஆய்வாளரிடம் தவறாகச் சொல்லப்படுவதும் அரிது.

திருவனந்தபுரம் மாவட்டம் கற்பித்த பாடம்

பொருளியல் அறிஞர் பீனா அகர்வாலும், திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தைச் சேர்ந்த பிரதீப் பாண்டாவும் இதே மாவட்டத்தின் கிராமங்களிலும் நகர்ப்பகுதிகளிலும் சுமார் 500 மணமான பெண்களிடம் ஓர் ஆய்வு மேற்கொண்டு, அதன் முடிவுகளை 2005-இல் வெளியிட்டனர். மணவாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் உடல்வழி வன்முறையை அனுபவித்ததாக அவர்களுள் ஏறத்தாழ 36 சதவிகிதத்தினர் கூறினர்.

கல்வி, வேலை, வருமானம் ஆகியவற்றோடு பெண்ணின் பெயரிலுள்ள சொத்தையும் இவ்வாய்வு கணக்கில் எடுத்துக்கொண்டது. நிலமோ வீடோ இல்லாத பெண்களுள் 49 சதவிகிதத்தினர் உடல்வழி வன்முறைக்கு ஆளாகியிருந்தனர். நிலம் மட்டும் உடையோரிடையே இது 18 சதவிகிதம். வீடு மட்டும் உடையோரிடையே 10 சதவிகிதம். இரண்டும் உடையோரிடையே 7 சதவிகிதம்.

இதனினும் கருத்தில் கொள்ளத்தக்கது மற்றொரு செய்தி. வன்முறைக்கு ஆளான 179 பெண்களுள் 43 பேர் வீட்டை விட்டு வெளியேறினர். சொத்துடையோரில் 71 சதவிகிதத்தினர் வெளியேற, சொத்தற்றோரில் 19 சதவிகிதத்தினரே வெளியேறினர். வெளியேறியோரில் 24 பேர் மீண்டும் கணவன் வீட்டிற்கே திரும்பினர். திரும்பியோரில் 88 சதவிகிதத்தினர் சொத்தற்றவர்கள். செல்வதற்கு ஓரிடம் இல்லாதவள் புகார் செய்யத் தயங்குகிறாள். புகார் செய்தாலும் அதில் நிலைத்து நிற்க இயலாதவளாகிறாள். நீதிமன்றத்தில் இது மனமாற்றம் எனப் பதிவாகிறது. பொருளியல் நோக்கில் இது வேறு வழியின்மை.

பெண்கள் கேட்பது என்ன?

காவல் நிலையத்தின் படியேறும் பெண், கணவனுக்குத் தண்டனை வாங்கித் தரவே வருகிறாள் என்பது பொதுவான எண்ணம். இது முழு உண்மையன்று. தமிழ்நாட்டின் அனைத்து மகளிர் காவல் நிலையங்களைப் பற்றி ஆராய்ந்த குற்றவியல் அறிஞர் மங்கை நடராஜன், அங்கு மனுக் கொடுத்த பெண்களின் அனுபவங்களைக் கேட்டறிந்து 2005-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்நிலையங்கள் குற்றத்தைப் புலனாய்வு செய்யும் இடங்களாக இருப்பதைவிட, பூசலைத் தீர்த்துவைக்கும் இடங்களாகவே மிகுதியும் பயன்பட்டன என்பதை அவர் விளக்கினார்.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய போக்கன்று. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஆராய்ந்த டேவிட் ஃபோர்டு, பெண்கள் வழக்குத் தொடுப்பதையும் பின்னர் அதனைக் கைவிடுவதையும் பேரம் பேசும் வலிமையாகப் பயன்படுத்துகின்றனர் என்று 1991-இல் எழுதினார். கணவன் அடங்கினாலோ, செலவுக்குப் பணம் தர இசைந்தாலோ வழக்கு தன் பயனை அளித்துவிட்டதாக அவர்கள் கருதினர். ஜூடித் ஹெர்மன் என்னும் மனநல மருத்துவர், பாலியல் வன்முறைக்கும் குடும்ப வன்முறைக்கும் ஆளான 22 பேரிடம் உரையாடி 2005-இல் வெளியிட்ட ஆய்வும் இங்கு நினைக்கத்தக்கது. தமக்கு இழைக்கப்பட்டது தீங்கே எனச் சமூகம் ஒப்புக்கொள்ள வேண்டும், தாம் இழந்த மதிப்பு மீள வேண்டும் என்பனவே அவர்களின் முதன்மையான வேட்கைகளாக இருந்தன. பழிவாங்கும் எண்ணம் அவ்வளவாக இல்லை.

காவல் நிலையத்தின் வாயிலில்

பெண்களுக்கெனத் தனிக் காவல் நிலையம் நம் நாட்டில் முதன்முதலாகக் கேரளத்தின் கோழிக்கோட்டில் 1973 அக்டோபர் 27 அன்று தொடங்கப்பெற்றது. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் அமைந்தது. தென் அமெரிக்காவில் பிரேசில் நாடு 1985-இல் சாவோ பாலோ நகரில் இத்தகைய நிலையத்தைத் திறந்தது. ஒரு பெண் தன் துயரை மற்றொரு பெண்ணிடம் சொல்வது எளிது என்பதே இம்முயற்சிகளின் அடிப்படை.

எனினும், கேட்பவர் பெண்ணாக இருப்பதினால் மட்டும் கேட்கும் முறை மாறிவிடுவதில்லை. 2021 ஜூன் மாதத்தில் கேரள மகளிர் ஆணையத்தின் அன்றைய தலைவர், தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் தொலைபேசி வழியே முறையிட்ட பெண்ணிடம், காவல் துறையிடம் புகார் செய்யவில்லை என்றால் அனுபவிக்கட்டும் என்னும் பொருள்படப் பேசியதும், அதனால் எழுந்த கண்டனத்தைத் தொடர்ந்து பதவி விலகியதும் இதற்குச் சான்றாகும். பாதிக்கப்பட்டவள் ஏன் முன்னரே வரவில்லை என வினவுவது, அவள் வந்துவிட்டாள் என்பதை மறக்கச் செய்கிறது.

சமரசம் பற்றியும் இரு கருத்துகள் உண்டு. குடும்பப் பூசல்களில் முதல் தகவல் அறிக்கை பதிவதற்குமுன் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013-இல் கூறியது. பெண்ணே சமரசத்தை விரும்பினால் அதற்கு வழிசெய்வது தவறன்று. ஆனால், 'ஒத்துப்போ' என்னும் அறிவுரையோடு அவளைத் திருப்பி அனுப்பிவிட்டு, அதன்பின் நிகழ்வதை எவரும் கண்காணிக்கவில்லையெனில், அரசே தன் முத்திரையிட்டு அவளை மீண்டும் அடிக்கு உட்படுத்தியதாகிவிடும்.

புள்ளிவிவரங்களின் மயக்கம்

அர்னேஷ் குமார் வழக்கில் 2014 ஜூலை 2 அன்று அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சில எண்களைச் சுட்டிக்காட்டியது. 2012-இல் 498-ஏ பிரிவின்கீழ் 1,97,762 பேர் கைதாயினர். குற்றப்பத்திரிகை தாக்கலான விகிதம் 93.6 சதவிகிதம், தண்டனை பெற்ற விகிதமோ 15 சதவிகிதம். தேவையற்ற கைதுகளைத் தவிர்க்கக் காவல் துறைக்கு அத்தீர்ப்பு நெறிமுறைகளை வகுத்தது. கைது என்பது வழக்கமான சடங்காகிவிடக் கூடாது என்னும் அக்கவலை நியாயமானதே.

ஆயின், தண்டனை குறைவு என்பதிலிருந்து புகார்கள் பொய் என்னும் முடிவுக்கு வருவது பொருந்தாது. கொடுமை பற்றிய இக்குற்றம், பொதுவாக இரு தரப்பினரும் தாமாகவே இராஜி செய்துகொள்ளத்தக்கதன்று. சமரசம் ஏற்பட்டால் உயர் நீதிமன்றத்தை அணுகி வழக்கை ரத்துச் செய்து பெற வேண்டும். அதற்கான வசதியோ காலமோ இல்லாத பெண், கீழ்நீதிமன்றத்தில் முன்னர் சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சியாகிறாள். வழக்கு விடுதலையில் முடிகிறது. குழந்தையின் பள்ளிச் செலவுக்கு இசைவு பெற்று அவள் செய்துகொண்ட ஏற்பாடு, ஏட்டில் தோல்வியுற்ற வழக்காக நிற்கிறது. மீண்டும் அடி விழுந்து அவள் திரும்பி வரும் நாளில், முன்பு மாற்றிச் சொன்னது அவளுக்கு எதிரான சாட்சியாகவும் ஆகிவிடுகிறது.

கைது மட்டும் போதுமா?

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1981-82 ஆண்டுகளில் நடைபெற்ற சோதனையில், அறிவுரை கூறியனுப்பியதையும், தற்காலிகமாகப் பிரித்து வைத்ததையும்விடக் கைது செய்ததே மீண்டும் நிகழும் வன்முறையைக் குறைத்தது எனக் காணப்பட்டது. இதன் பயனாகப் பல மாநிலங்கள் கட்டாயக் கைது முறையை ஏற்றன. ஆனால் பிற நகரங்களில் இச்சோதனை திரும்ப நடத்தப்பட்டபோது முடிவுகள் ஒத்துவரவில்லை. மில்வாக்கி நகரில், வேலையில் உள்ளோரைக் கைது அடக்கிற்று. வேலையற்றோரிடத்திலோ அது வன்முறையைப் பெருக்கிற்று. இழப்பதற்கு ஏதுமில்லாதவனைச் சிறைவாசம் அச்சுறுத்துவதில்லை எனலாம்.

தோட்டப் பகுதிகளில் இச்சிக்கல் வேறொரு வடிவம் கொள்கிறது. லயம் எனப்படும் வரிசை வீடுகள், வேலையோடு பிணைந்தவை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டு வசதி அளிப்பதை நிருவாகத்தின் கடமையாக்கியது. ஆனால் அவ்வீட்டிற்குத் தொழிலாளி உரிமையாளர் ஆவதில்லை. கணவனின் பெயரில் ஒதுக்கப்பட்ட வீட்டில் வாழும் பெண்ணுக்கு, அவன் கைதாகி வேலையிழந்தால் வீடும் பறிபோகுமோ என்னும் அச்சம் இயல்பே. அவளே கொழுந்து பறிக்கும் தொழிலாளியாயினும், நெடுமங்காட்டிற்குச் செல்லும் ஒவ்வொரு வாய்தா நாளும் அவளுக்குக் கூலியற்ற நாள். நிலையத்தில் வாக்குமூலம் மலையாளத்தில் எழுதப்படும்போது, தமிழே வீட்டுமொழியான பெண், தான் சொன்னதுதான் எழுதப்பட்டதா என்பதைப் படித்தறியவும் இயலாது.

பாதுகாப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின் பயன் இங்கேதான் விளங்குகிறது. வீடு எவர் பெயரில் உள்ளது என்பதைப் பாராமல், பகிர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து பெண்ணை வெளியேற்றலாகாது என அது ஆணையிட வழிசெய்கிறது. கணவனின் உறவினருக்குச் சொந்தமான வீட்டிற்கும் இது பொருந்தும் என உச்ச நீதிமன்றம் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் 2020 அக்டோபரில் தெளிவுபடுத்தி, 2006-இல் தான் கொண்டிருந்த குறுகிய விளக்கத்தை மாற்றிக்கொண்டது. அடிபட்டுப் பிறந்த வீட்டிற்குச் சென்றுவிட்ட பெண், தான் தஞ்சமடைந்த ஊரிலேயே குற்றவியல் புகார் கொடுக்கலாம் எனவும் 2019-இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலையிறங்கித் தமிழ்நாட்டிலுள்ள தாய் வீட்டிற்குச் சென்ற பெண்ணுக்கு இத்தீர்ப்பு பெருந்துணையாகும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, பாதுகாப்பு அதிகாரி பெண்ணின் எட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும். வட்ட அளவிலும் இவ்வதிகாரிகளை நியமிக்குமாறு 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டுள்ளது. நெடுமங்காடு போன்ற வட்டங்களில் இது முழுமையாக நிறைவேறுமாயின், தொலைவு குறையும்.

இரண்டாவதாக, காவல் நிலையத்திலேயே பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் இருப்பது நலம். டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1984-இல் பம்பாய்க் காவல் துறையுடன் இணைந்து தொடங்கிய சிறப்புப் பிரிவு இதற்கு முன்மாதிரி. கேரளத்தில் குடும்பஸ்ரீயின் சிநேகிதா மையங்களும், 181 என்னும் தொலைபேசி உதவியும், சகி என வழங்கும் ஒருங்கிணைந்த சேவை மையங்களும் உள்ளன; இவை லயங்களிலுள்ள பெண்களுக்குத் தமிழிலும் அறிமுகமாதல் வேண்டும்.

மூன்றாவதாக, 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி வருமான வரம்பின்றி எல்லாப் பெண்களும் இலவசச் சட்ட உதவி பெற உரிமையுடையோர் என்பதைக் காவல் நிலையங்களும் ஊராட்சிகளும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நான்காவதாக, சொத்துரிமை. 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தம் மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கினை அளித்தது. அரசு வீட்டு வசதித் திட்டங்களில் வீட்டைப் பெண்ணின் பெயரிலோ கூட்டாகவோ ஒதுக்கும் விதி, திருவனந்தபுரம் ஆய்வின் வெளிச்சத்தில் பார்க்கும்போது, வன்முறைத் தடுப்பு நடவடிக்கையும் ஆகும்.

இறுதியாக, அளவுகோல் மாற வேண்டும். ஒரு நிலையத்தின் பணியை மதிப்பிடும்போது, பதிவான வழக்குகளின் எண்ணிக்கையோடு, புகார் தந்த பெண் ஆறு மாதங்களுக்குப் பின் எவ்வாறு இருக்கிறாள், பாதுகாப்பு ஆணை மதிக்கப்படுகிறதா, பண உதவி கைக்கு வந்ததா என்பனவும் கேட்கப்பட வேண்டும். இக்கேள்விகளுக்கு விடையளிக்க வல்லவள் அப்பெண்ணே. அவளிடம் கேட்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு பதிவேடும், மலையேறிச் சென்று விசாரிக்கும் ஓர் ஊழியரும் போதும்.